தொடக்க இசைக் கட்டத்தில் பூஜ்யம்

என் பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை இத்துடன் உள்ள முதல் தாளில் எழுதியபடி. வயது இருபத்தாறு. திருமணம் ஆகவில்லை. சித்தியுடன் வசிக்கிறேன். சமுதாய வானொலி நிலையம் ஒன்றில் பாட்டுப் பட்டியல் எழுதும் வேலையில் இரண்டு வருடம் பத்து மாதமாக இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதைவிட என் கைப்படவே எழுதித் தருகிறேன் என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் சம்மதித்து, "நடந்தத வரிசையா எழுதுங்க. நெனச்சதெல்லாம் வேண்டாம்" என்றார். இதில் நடந்த தவறே நான் ஒன்றை நினைத்ததால் நடந்தது என்பதால், ஓரிடத்தில் மட்டும் நினைத்ததையும் எழுத அனுமதி கேட்டேன். "சரி, நாலு வரிக்குள்ள" என்றார். அதற்கு உட்பட்டே எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் இரண்டாம் மாடியில் மூன்று அறைகளில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் உள்ள சலவைக் கடையில்தான் என் சித்தி இஸ்திரி போடுகிறார். நிலையத்தில் விளம்பரம் கிடையாது. உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கிறது. குடிநீர் வரும் நேரம், பேருந்து மாற்றங்கள், மருத்துவ யோசனைகள், இவற்றுக்கு இடையில் பாட்டு. நிலையப் பொறுப்பாளர் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இந்த வழக்கில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது.

நான் முதலில் அறிவிப்பாளர் வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். மைக் முன்னால் உட்கார வைத்து அன்றைய குடிநீர் நேரத்தை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது தெருவைத் தாண்ட முடியவில்லை. குரல் நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிஸ்டர் கதவுக்குக் குறுக்கே நின்று, "எங்க ஓடற? பேச இங்க ஆள் வரிசை கட்டி நிக்குது. வாய மூடிட்டுக் கேக்கத்தான் ஒருத்தரும் கெடைக்கல. உக்காரு" என்றார். அன்று உட்கார்ந்தவள்தான். அதற்கு முன் மூன்று இடங்களில் வேலை கேட்டுப் போய், பேச வராததால் திரும்பியிருந்தேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாட்டு ஒலிபரப்ப இசை உரிமைச் சங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டும். லாப நோக்கில்லாத சிறு நிலையங்களுக்குச் சலுகை உரிமம் உண்டு. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பாட்டு போடக்கூடாது. போட்ட ஒவ்வொரு பாட்டையும் செகண்டுக் கணக்கில் பட்டியலிட்டு மாதாமாதம் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் சங்கம் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் என்று ராயல்டியைப் பிரித்துக் கொடுக்கிறது. பட்டியலில் தொடக்க இசைக்குத் தனிக் கட்டம், பாட்டுக்குத் தனிக் கட்டம் உண்டு. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் வரும் இசையை வாசித்தவர்களுக்கு அந்த முதல் கட்டத்தை வைத்துத்தான் பங்கு போகும். இந்தக் கடைசி விஷயம் எனக்குச் சென்ற மாதம் வரை தெரியாது.

எங்கள் காலை அறிவிப்பாளர் முன்பு பேருந்து நடத்துநராக இருந்தவர். கண்டக்டர் அண்ணன் என்று கூப்பிடுவோம். யார், எதற்காக அந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்பதை அவர் தொடக்க இசை ஓடும்போதே மேலே பேசிவிடுவார். "இது மூணாவது தெரு தையல்கார அக்காவுக்கு. அவங்க வீட்டுக்காரர் கேட்டிருக்கார். நேத்து என்ன சண்டையோ, எனக்குத் தெரியாது, அக்கா, மன்னிச்சுடுங்க" என்று முடிப்பதற்கும் பாடகர் வாய் திறப்பதற்கும் சரியாக இருக்கும். ஒரு செகண்டு கூட இடிக்காது. மற்ற அறிவிப்பாளர்களும் அவரைப் பார்த்து அப்படியே பழகினார்கள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்திருப்பேன். அவர் பேச்சு முடிந்ததும் அமுக்குவேன். மறுபடி பேச ஆரம்பித்ததும் நிறுத்துவேன். தொடக்க இசைக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதுவேன். இப்படி நாள் தவறாமல் எழுதினேன்.

அனுமதி வாங்கிய நான்கு வரி இது: ஒருவர் பேசும்போது எனக்கு வேறு எதுவும் கேட்காது. படிக்கும்போது யாராவது பேசினால் பக்கம் வெள்ளையாகிவிடும். எனக்குக் கேட்காத இசையைக் கேட்டதாக எழுதுவது பொய்க் கணக்கு என்று நினைத்தேன். நேர்மையாக இருப்பதாகவே கடைசி வரை நம்பினேன்.

இப்படி ஒவ்வொரு பாட்டிலும் சுமார் நாற்பது செகண்டு விட்டுப்போனது. நாற்பத்தெட்டுப் பாட்டு போட்டும் என் பட்டியலில் மொத்தம் மூன்றேகால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. சிஸ்டர் பட்டியலைப் படிக்க மாட்டார். கடைசி வரியில் மொத்தத்தை மட்டும் பார்ப்பார். நான் சேர்ந்த ஆறாவது மாதம் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இன்னும் முக்கால் மணி நேரம் சும்மாவா கெடக்குது? வார்டுல படுத்திருக்கறவங்களுக்குக் குடுத்துடலாமே" என்றார். அதன் பிறகு பொது மருத்துவமனை நோயாளிகள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பத்துப் பாட்டுகளை மாலை ஐந்து மணிக்குப் போட ஆரம்பித்தோம். பட்டியல்படி மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தது. உண்மையில் அரை மணி நேரம் கூடுதலாகிவிட்டது. ஆகவே நிபந்தனையை மீறினோம் என்பது சரி. மீறுகிறோம் என்பது அந்த மூன்று அறைகளில் யாருக்கும் தெரியாது என்பதும் சரி.

சென்ற மாதம் நான்காம் தேதி மதியம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மாடியேறி வந்து, பட்டியல் எழுதுபவரைப் பார்க்க வேண்டும் என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பழுது பார்ப்பவர் என்றும், முன்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் கிளாரினெட் வாசித்தவர் என்றும் சொன்னார். சங்கம் அனுப்பிய வருடாந்தர விவரச் சீட்டை மேசையில் விரித்து, ஒரு வரியை நகத்தால் கீறிக் காட்டினார்.

"மத்த எல்லா ஸ்டேஷன்லயும் இருக்கேன். உங்க ஸ்டேஷன்ல மட்டும் நான் பொறக்கவே இல்ல, பாருங்க."

நான், "உங்க பாட்டு எதையும் நாங்க போடலையோ என்னவோ, சார்" என்றேன்.

"போடலையா? கடையில நாள் பூரா உங்க ஸ்டேஷன்தாம்மா ஓடுது. தெனமும் காலையில ஷட்டரத் தூக்கறப்ப நானே என்னக் கேக்கறேன்."

அதன் பிறகு அன்று காலை ஒலிபரப்பான ஒரு பாட்டின் பதிவைப் போடச் சொன்னார். போட்டேன். கண்டக்டர் அண்ணன் குரல் மட்டும் கேட்டது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அண்ணன் மட்டும்தான். மூன்றாவது தடவை அவர் மேசை விளிம்பில் விரல்களை வைத்து, துளைகளை மூடித் திறப்பதுபோல் அசைத்துக்கொண்டே இருந்தார். நான் விரல்களைப் பார்த்தேன். அப்போது பேச்சுக்கு அடியில் கிளாரினெட் கேட்டது. தொடங்கியதிலிருந்து பாடகர் வரும் வரை முப்பத்தெட்டு செகண்டு. அந்தப் பாட்டை அதற்கு முன் நூறு தடவைக்கு மேல் பட்டியலில் எழுதியிருக்கிறேன்.

இந்தச் சத்தத்தில் கண்டக்டர் அண்ணன் உள்ளே வந்து, "என்ன சார், என் மேல கம்ப்ளெய்ன்ட்டா? நான் பேசறதாலதான் ஜனம் கேக்குது" என்றார்.

"உங்க பேச்சு நல்லாத்தான் இருக்கு. அடியில நான் மெத்தை போட்டு வெச்சிருக்கேன்ல, அதனால நல்லா இருக்கு. நாளைக்கு மெத்தைய உருவிட்டுப் பேசிப் பாருங்க."

"ஆளு சும்மா வரல பாப்பா, ஊதிட்டுத்தான் வந்திருக்காரு" என்று அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டு அவருக்கு டீ வாங்கிவரப் போனார்.

அன்று மாலையே நான் செய்து வந்ததை சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இவ்வளவுதானா? நான் என்னமோ யாரையாவது லவ் பண்றேன்னு சொல்ல வந்தியோன்னு நெனச்சேன். சங்கத்துக்கு எழுதிப் போட்டுத் திருத்திக்கலாம், போ" என்றார். ஆனால் கிளாரினெட்காரர் எங்களிடம் வருவதற்கு முந்தைய நாளே சங்கத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். நாங்கள் எழுதிய கடிதம் போய்ச் சேரும் முன் சங்கத்தின் தணிக்கையாளர் நேரில் வந்துவிட்டார்.

அது பதினொன்றாம் தேதி, காலை பத்தரை மணி. தணிக்கையாளர் பெண்மணி. அமைதியாகப் பேசினார். மூன்று மாதப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். நாள் பட்டியல்களைப் புரட்டிவிட்டு, "தொடக்க இசையில ஒரு நாள்கூட எண்ணே இல்ல, எல்லாம் பூஜ்யம். மொத்தமும் சரியா நாலு மணிக்குள்ள நிக்குது. இப்படி எழுதணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

நான் பதிவேட்டு அலமாரியைத் திறந்தபடி நின்றிருந்தேன். சிஸ்டர் என்னைப் பார்க்காமலே, "நான்தான். மொத நாளே பக்கத்துல உக்கார வெச்சு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அவ சின்னப் பொண்ணு, சொன்னத எழுதினா" என்றார். தணிக்கையாளர் அதை எழுதிக்கொண்டார். நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் இருந்தது. அதையும் எழுதுகிறேன். இரண்டாம் தேதி எனக்குப் பொது நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு நியமனக் கடிதம் வந்திருந்தது. காவல் துறை நன்னடத்தைச் சரிபார்ப்பு முடிந்த பிறகே அது உறுதியாகும். நான்கு வருடமாகத் தேர்வு எழுதிக் கிடைத்த வேலை. சிஸ்டருக்கு அது தெரியும். கடிதத்தை முதலில் காட்டியதே அவரிடம்தான்.

தணிக்கையாளர் போன பிறகு, "ஏன் சிஸ்டர் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஊசி போடறப்ப பேஷண்ட்டக் கேட்டுட்டாப் போடுவாங்க? கண்ண மூடிக்கோ, முடிஞ்சுடும்" என்றார். அதன் பிறகு பதினெட்டாம் தேதி சங்கத்திலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. இருபதாம் தேதி சிஸ்டர் இங்கே வந்து அதே வரியைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் என்று அறிகிறேன்.

புகார் விவரம் கேள்விப்பட்டு மறுநாள் கிளாரினெட்காரர் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வந்தார். "நான் கேட்டது கணக்கு. அவங்க போட்டது கேஸ். எனக்கு இது வேணாம்" என்று சொல்லி, மோசடி நடந்ததாகத் தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். அது இணைப்பு ஒன்று. அதோடு நிற்காமல், தொடர்ந்து ஐந்து நாள் மதியம் என்னுடன் உட்கார்ந்து மூன்று மாதப் பதிவில் தொடக்க இசை முழுவதையும் மறுபடி அளக்க உதவினார். தன் பாட்டு பதினொன்று மட்டும் என்றால் ஒரு நாளில் முடிந்திருக்கும். முதல் இரண்டு நாள் எனக்குக் காது பிடிபடவில்லை. வயலின் வரும்போது வில் இழுப்பதுபோலவும், தபலா வரும்போது தொடையில் தட்டியும் காட்டிக்கொண்டே இருந்தார். சில இடங்களில் நிறுத்தச் சொல்லி, "இது என் சினேகிதன். ரெண்டு வருஷம் முன்னால போயிட்டான். அவன் சம்சாரத்துக்குப் பங்கு போகணும், சரியா எழுதுங்கம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்ன எல்லா இடங்களையும் இரண்டு தடவை அளந்திருக்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து எனக்குத் தனியாகவே கேட்டது. திருத்திய பட்டியல் இணைப்பு இரண்டு.

இருபத்தேழாம் தேதி அந்தத் திருத்திய பட்டியலை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனேன். தணிக்கையாளர் முழுவதும் பார்த்தார். அதன் பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இத முன்னாடியே குடுத்திருக்கலாமேம்மா. தெரியாம எழுதின தப்புன்னா, திருத்தின பட்டியல வாங்கிக்கிட்டு, விட்டுப்போன தொகையக் கட்டச் சொல்லி முடிச்சுடுவோம். விதியிலேயே வழி இருக்கு. ஆனா உங்க பொறுப்பாளர் தானே சொல்லி எழுத வெச்சதா ஒத்துக்கிட்டாங்க. அப்ப அது தப்பு இல்ல, மோசடி. உரிமம் போயிடும். அவங்க மேல கேஸும் நிக்கும்."

சிஸ்டர் என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைதான் நிலையத்தை மூடப் போகிறது என்பதும், அவர் சிறைக்குப் போகக்கூடும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று சலவைக் கடையில் சித்தியிடம் நடந்ததைச் சொன்னேன். சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். "அந்தம்மா உனக்காகப் பொய் சொல்லிருக்கு. எங்கூடப் பொறந்தவகூட எனக்கு அப்படிச் செஞ்சதில்ல" என்றார். பிறகு, "சரி, இப்ப அந்தப் பொய்ய நீ என்ன பண்ணப்போற? இஸ்திரி போட்டு மடிச்சு உள்ள வெச்சுக்கப் போறியா?" என்று கேட்டார். "வேல போனாப் போகுது. நாலு வருஷமா உனக்குச் சோறு போட்ட கைக்கு இன்னும் நாலு வருஷம் போடத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். காலரிலிருந்து ஆரம்பித்தார்.

நேற்று நிலையத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளுக்கு மறுநாளே சிஸ்டருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்காக ஒன்பது நாள் விடுப்பில் இருந்தார். வருகைப் பதிவேட்டின் நகல் இணைப்பு மூன்று. நான் எழுதிய முதல் பட்டியல் என் மூன்றாம் நாள் தேதியிட்டது. அதிலேயே தொடக்க இசைக் கட்டங்கள் அனைத்திலும் பூஜ்யம் இருக்கிறது. என் கையெழுத்து. அது இணைப்பு நான்கு. முதல் நாள் முழுவதும் எனக்கு மேசை துடைக்கும் வேலையும் பழைய கேசட்டுகளை அடுக்கும் வேலையும்தான் இருந்தது. ஆகவே சிஸ்டர் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்க வழியே இல்லை. அவர் கொடுத்த வாக்குமூலத்தில் அந்த ஒரு வரி உண்மையல்ல. மற்ற வரிகளை நான் பார்க்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் மருந்துச் சீட்டில் ஒரு புள்ளிகூட மாற்றாமல் வேலை செய்தவர் என்பதால் மற்றவை உண்மையாகவே இருக்கும்.

பட்டியல் எழுதும் முறையை நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்காதது என் கூச்சத்தால். எனக்கு அதில் எந்த லாபமும் இல்லை. நிலையத்துக்கும் இல்லை. விட்டுப்போன பங்கைக் கணக்கிட்டுக் கட்டுவதற்கு நிலைய உறுப்பினர்கள் சம்மதித்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு நாளில் ஐம்பது பாட்டு மட்டுமே போடுகிறோம். குறைத்ததெல்லாம் காலை நிகழ்ச்சியில். வார்டுப் பாட்டுகளில் கை வைக்கக்கூடாது என்று முதலில் சொன்னவர் கண்டக்டர் அண்ணன். வாய் பேசாமல் தொடக்க இசையை முழுதாக விடுவதாக அவர் செய்த சபதம் ஒன்றரை நாள் தாங்கியது. இப்போது அவர் பேசும்போதும் நான் அளக்கிறேன்.

இன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு இந்தக் காவல் நிலையத்தின் வாசலில் சிஸ்டர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். சித்தி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். என் கையிலிருந்த காகித உறையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, சொன்னாக் கேளு. எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு. எனக்கு இனிமே எந்த வெரிஃபிகேஷனும் கெடையாது. மேல போறப்ப யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க. உனக்கு அப்படியா? நாலு வருஷம் படிச்சியே."

"தெரியும் சிஸ்டர்."

"உள்ள போயி என்னப் பொய்க்காரியா ஆக்கப்போற."

"ஆமா சிஸ்டர்."

அவர் அதன் பிறகும் உறையை விடவில்லை. "போகாதடி" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற காவலர், "உள்ள வர்றீங்களா, இல்ல இங்கயே சண்ட போடறீங்களா?" என்று கேட்டார். நான் உள்ளே வந்தேன். சிஸ்டர் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

என் நியமனம் குறித்து இந்த வாக்குமூலத்தில் நான் எதுவும் கோரவில்லை. சரிபார்ப்புப் படிவத்தில் எழுத வேண்டியது எதுவோ அதை எழுதிக்கொள்ளலாம். மூன்றாம் பக்கத்தில் சிஸ்டர், கிளாரினெட்காரர், சித்தி ஆகியோருக்கு நன்றி தெரிவித்து நான் எழுதியிருந்த ஐந்து வரிகள், வாக்குமூலத்துக்கு உரியவை அல்ல என்று உதவி ஆய்வாளர் சொன்னதால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இடப்பட்டுள்ளது. அடித்ததால் அவை இல்லை என்று ஆகாது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேலே எழுதியவற்றை நானே ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உதவி ஆய்வாளரும் எழுத்தரும் கேட்டார்கள். யாரும் மிரட்டி இதை எழுதவில்லை. யாரும் ஆசை காட்டியும் எழுதவில்லை. எழுதாதே என்று ஒருவர் வாசலில் நின்று கெஞ்சியும் எழுதியிருக்கிறேன். இதில் உள்ளது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)